பஸ்ஸைத் தூக்கி எறிவதற்கு முன்

காலை எட்டே கால். கொழும்பு, காலி வீதி, வெள்ளவத்தைச் சந்தையடி. புறக்கோட்டையிலிருந்து பாணந்துறைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸை நாயகன் இரண்டு கையாலும் தூக்கி வில்லன் மேல் எறிகிறான். வில்லன் சரிகிறான். அடுத்த பக்கத்தில் நாயகன் தாமரைக் கோபுரத்து உச்சியில் நின்று நகரத்தைப் பார்க்கிறான். முற்றும்.

கதையைக் கொண்டு வந்தவர் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். படமும் அவர்தான் வரைந்திருந்தார். கோடு நல்ல கோடு.

"தம்பி, பஸ்ஸுக்குள்ள இருந்த ஆக்கள்?" என்று கேட்டேன்.

"அது வெறும் பஸ் அண்ணா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். காலை எட்டே காலுக்கு 100 வெறுமையாக ஓடினால், மனிதன் பறப்பதை விட அதுதான் பெரிய அற்புதம்.

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமைகளில் சிலர் கூடி, எழுதியதையும் வரைந்ததையும் வாசித்துக் காட்டுவோம். இரண்டு வருடமாக சுப்பர்ஹீரோ கதைகள்தான் அதிகம் வருகின்றன. எனக்கு அதில் குறையில்லை. சிவகாசி முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்தவன் நான். ஆனால் பொதுமக்கள் சாகும் இடம் வந்தாலே எல்லோருடைய கையும் ஒரே மாதிரி வழுக்குகிறது. காரணம் எனக்கு மெல்லத்தான் விளங்கியது. இடியும் கட்டிடம் எப்படி இருக்கும் என்று நம் பிள்ளைகள் ஹொலிவூட்டிடம் கேட்கிறார்கள். அம்மாவிடமோ மாமாவிடமோ கேட்டால் போதும். இந்த நகரத்தில் முப்பது வயதைத் தாண்டிய எவருக்கும் சத்தம் கேட்டு ஐந்து நிமிடத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்று தெரியும். அந்த அறிவை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் கதை எழுத வருகிறோம்.

வெறும் பஸ், வெறும் கட்டிடம்

முதல் தவறு இதுதான். எறியப்படும் வாகனம் எப்போதும் வெறுமையாக இருக்கும், இடியும் மாடி எப்போதும் "கட்டி முடியாத மாடி". கொஞ்சம் கவனமான எழுத்தாளர் என்றால் ஒரு பொலிஸ்காரரைக் கொண்டு வந்து, "மக்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டு விட்டார்கள்" என்று சொல்ல வைப்பார். அந்த ஒற்றை வரியோடு வாசகருக்கும் நிம்மதி, எழுதியவருக்கும் நிம்மதி.

கணக்கைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் மட்டும் 5 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வசித்தார்கள். பரப்பு ஏறக்குறைய 37 சதுர கிலோமீட்டர். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்குள் 15,000 பேர். அது இரவில் வீட்டில் படுப்பவர்களின் கணக்கு. விடிந்ததும் பாணந்துறையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் அவிசாவளையிலிருந்தும் ரயிலும் பஸ்ஸும் கொண்டு வந்து கொட்டும் சனம் இதில் சேராது. புறக்கோட்டையில் பகல் பதினொரு மணிக்கு ஒரு தெருவை வெறுமையாக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கெய்சர் வீதியில் ஒரு தடவை நடந்து பார்த்தால் விளங்கும். கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டாமல் ஓடமாட்டார். சாமான் தூக்கும் நாட்டாமி வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகமாட்டார், அந்தச் சாமானுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வெளியேற்றத்தைக் கதையில் வைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வைத்தால் அதற்கும் பக்கம் ஒதுக்குங்கள். சண்டையை விட அது சுவையான காட்சி. யார் போக மறுக்கிறார், எந்த மாடியில் லிப்ட் நின்றுவிட்டது, எந்தத் தாத்தா தன் மருந்துப் பையைத் தேடுகிறார் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது. நாயகனுடைய பலம் எல்லாம் ஒரு மனுசியின் பிடிவாதத்துக்கு முன் நிற்க முடியாமல் போகும் இடம் அது.

இன்னொன்று. ஆபத்து வேளையில் நம் நாயகர்கள் செந்தமிழில் பேசுகிறார்கள். "மக்களே, விலகிச் செல்லுங்கள்!" புறக்கோட்டையில் இப்படிக் கத்தினால் பாதிப்பேருக்கு விளங்காது, விளங்கிய மீதிப்பேர் நாடகம் என்று நினைத்து நின்று பார்ப்பார்கள். அந்தத் தெருவில் காதில் விழுவது "துவன்ன! துவன்ன!" என்ற சிங்களமும் "ஓடு, ஓடு" என்ற தமிழும் கலந்த கூச்சல்தான்.

எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது

2013இல் வந்த மேன் ஒஃப் ஸ்டீல் என்ற சுப்பர்மேன் படத்தின் கடைசிச் சண்டையில் மெட்ரோபொலிஸ் நகரம் தரைமட்டமாகிறது. அனர்த்தச் சேதங்களைக் கணக்கிடும் அமெரிக்க நிறுவனம் ஒன்று, அதே சண்டை உண்மையில் நடந்திருந்தால் 1,29,000 பேர் இறந்திருப்பார்கள் என்று அப்போது மதிப்பிட்டது. படத்துக்குள் அந்த எண் கிடையாது. நகரம் விழுந்து சில காட்சிகளுக்குள் நாயகன் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகைக் கந்தோருக்கு முதல் நாள் வேலைக்குப் போகிறார். பத்திரிகைக் கந்தோர் எப்படித் திறந்திருந்தது, அச்சகம் எப்படி ஓடியது என்று படத்துக்குள் யாரும் கேட்கவில்லை. பார்த்தவர்கள் கேட்டார்கள். 2016இல் வந்த அடுத்த படம் அதே சண்டையைத் தரையில் நிற்கும் ஒருவர் கண்ணால், புழுதிக்குள்ளிருந்து, மறுபடி காட்டித்தான் தொடங்க வேண்டியிருந்தது.

இந்த விமர்சனங்களை இணையத்தில் வாசித்துவிட்டு நம் பிள்ளைகள் ஒரு பாடம் கற்றிருக்கிறார்கள். பிழையான பாடம். சண்டை முடிந்ததும் தொலைக்காட்சியில், "இறந்தோர் தொகை 412" என்று ஒரு செய்தி வாசிப்பாளரைப் பேச வைக்கிறார்கள். சொல்லியாகிவிட்டது, இனி யாரும் குறை சொல்ல முடியாது என்ற நினைப்பு.

உண்மையில் தொகை அப்படி வருவதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று, ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. நான்கு நாட்களுக்குள் இறந்தோர் தொகை 359 என்று அறிவிக்கப்பட்டிருந்தது. 25ஆம் தேதி சுகாதார அமைச்சு அதை ஏறத்தாழ 253 என்று திருத்தியது. நூறு பேர் உயிர்த்தெழவில்லை. சிதறிய உடல்களை எண்ணியதில் வந்த பிழை அது. பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தவர்களும் சேர, தொகை 260ஐத் தாண்டியது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறிய அந்த எண்ணுக்குப் பின்னால் சவச்சாலை வாசலில் நின்ற சனம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். "எண்ணிக்கை குறைந்துவிட்டதாம்" என்று கேள்விப்பட்டு, ஒருவேளை நம்முடையவர் உயிரோடு இருப்பாரோ என்று ஒரு தகப்பன் நிமிர்ந்த கணம் ஒன்று இருந்திருக்கும். ஒரு கதைக்கு அந்தக் கணம் போதும், 412 என்ற எண் தேவையே இல்லை.

மார்வெல் 2016இல் எடுத்த சிவில் வோர் படம் இதைக் கெட்டித்தனமாகச் செய்தது. நாயகர்களின் சண்டையில் மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் டோனி ஸ்டார்க்கை, அதாவது அயர்ன் மேனை, ஒரு கட்டிடத்தின் உள் நடைபாதையில் தனியாகச் சந்தித்து, மகனின் படத்தைக் கையில் கொடுக்கிறார். சத்தமும் இல்லை, வெடியும் இல்லை. அந்தப் படத்தின் அரசியல் வாதம் முழுவதும் அந்த ஒரு புகைப்படத்தில்தான் தொங்குகிறது.

உடம்புக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதுவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்கும்போதே பிள்ளைகளின் கண் விரியும் பகுதி இது.

கோபுரத்திலிருந்து விழுபவரை நாயகன் கீழே நின்று கையில் ஏந்துகிறான். கொலை அது. விழுந்து வந்த வேகம் எங்கே போகும்? சின்னக் கணக்கு: விழுந்த தூரத்தை, நிறுத்த எடுத்த தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 100 மீற்றர் விழுந்தவரை அரை மீற்றருக்குள், அதாவது கை மடங்கும் தூரத்துக்குள், நிறுத்தினால் அவர் உடம்பில் அவருடைய எடையைப் போல இருநூறு மடங்கு விசை இறங்கும். (காற்றின் தடையைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், பிழைக்கும் அளவுக்குக் குறையாது.) சீமெந்துத் தரைக்கும் இரும்புக் கைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. 350 மீற்றர் உயரத் தாமரைக் கோபுரத்தை நகரத்தின் நடுவில் கட்டி வைத்திருக்கிறார்கள், எழுதுகிறவர் ஒவ்வொருவரும் அதிலிருந்து யாரையாவது தள்ளிவிடத்தான் போகிறார்கள். தள்ளுங்கள். நாயகன் மேலேயிருந்து கூடவே விழ வேண்டும், அவர் வேகத்துக்கு வர வேண்டும், பிடித்த பிறகு இருபது முப்பது மீற்றராவது மெல்ல மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படி எழுதினால் பரபரப்பும் கூடும், ஏனென்றால் தரை கிட்ட வந்துகொண்டே இருக்கும்.

1973இல் ஸ்பைடர்மேன் கதையில் குவென் ஸ்டேசி பாலத்திலிருந்து விழுகிறாள். வலை வீசிப் பிடிக்கிறான். வலை அவளைப் பிடித்த கணத்தில் கழுத்தடியில் ஒரு சின்ன ஓசையை எழுதி வைத்தார்கள். காப்பாற்றிய கையே கொன்றது. அந்த ஒரு ஓசைக்காக வாசகர்கள் ஐம்பது வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள். பௌதிகம் சரியாக இருந்ததால்தான் அந்தச் சோகம் அவ்வளவு ஆழமாக இறங்கியது.

அடுத்தது கொங்கிரீட் பலகை. கட்டிடம் இடிந்து ஆறு மணி நேரம். காலில் பாரம் விழுந்து கிடப்பவர் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். நாயகன் வந்து ஒற்றைக் கையால் பலகையைத் தூக்குகிறான். அவர் சிரிக்கிறார், கண்ணீர் விடுகிறார். வைத்தியத்துறையில் இருக்கும் யாரிடமாவது இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், தலையில் கை வைப்பார். நெடுநேரம் நசுங்கிக் கிடந்த தசை பொட்டாசியத்தையும் வேறு நச்சுகளையும் தேக்கி வைத்திருக்கும். பாரத்தை எடுத்ததும் அவை இரத்தத்தில் பாயும். சில நிமிடத்தில் இதயம் நிற்கலாம். தப்பினாலும் சில நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்த காலத்தில், 1941இல், பைவோட்டர்ஸ் என்ற வைத்தியரும் பீல் என்ற வைத்தியரும் இதை விவரித்து எழுதினார்கள். அதனால்தான் மீட்புப் பணியாளர்கள் பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே சேலைன் ஏற்றத் தொடங்குவார்கள். இனி அந்தக் காட்சியை மறுபடி எழுதிப் பாருங்கள். மலையைத் தூக்கும் பலம் உள்ளவன் ஒரு பலகையைத் தூக்கக் கூடாது. சேலைன் போத்தலோடு ஒரு தாதி ஊர்ந்து வரும்வரை, கீழே கிடப்பவரோடு கதைத்துக்கொண்டு இருக்க வேண்டும். என்ன கதைப்பான்? அதை எழுதுங்கள்.

வெடிக்குப் பிறகு உடனே உரையாடல் வைப்பதும் தவறு. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கி மீது லொறிக் குண்டு மோதியபோது எங்கள் மாமா கோட்டையில் ஒரு கந்தோரில் இருந்தார். பின்னேரம் நடந்தே வீட்டுக்கு வந்தார். தலைமயிர், புருவம் எல்லாம் சாம்பல் நிறம். மாமி அழுதுகொண்டு கேட்ட எதுவும் அவருக்கு விளங்கவில்லை. காதுச்சவ்வு கிழிந்திருந்தது. "ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்கள்?" என்று கத்தினார். அவர் கத்துகிறார் என்பது அவருக்குத் தெரியாது. பிறகு பல மாதங்கள் அந்த வீட்டில் எல்லோரும் சத்தமாகவே பேசினோம். எனக்கு இன்றும் அந்தப் பழக்கம் விடவில்லை, தொலைபேசியில் கதைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

அன்று 91 பேர் இறந்தார்கள், 1,400 பேர் வரை காயப்பட்டார்கள். காயம் பட்டவர்களில் மிகப் பலரை வெட்டியது கண்ணாடி. அக்கம்பக்கத்துக் கந்தோர்களில் சத்தம் கேட்டு யன்னல் பக்கம் திரும்பியவர்கள் கண்ணை இழந்தார்கள். சுப்பர்ஹீரோ கதைகளில் நாயகன் கண்ணாடி மாளிகையை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்வது வழக்கமான அறிமுகக் காட்சி. கண்ணாடி கீழே எங்கே விழுகிறது? கொள்ளுப்பிட்டியில் பகல் உணவு நேரத்தில் அந்த மாடிக்குக் கீழே சோற்றுப் பார்சல் வாங்க எத்தனை பேர் நிற்பார்கள்?

புகை அடங்கியதும் கதையை முடிப்பது

எனக்குப் பெரிதாகத் தெரியும் தவறு இதுதான்.

ஹொலிவூட் கதையில் குண்டுக்குப் பிறகு கொடி பறக்கும், அல்லது மழை பெய்யும். கொழும்பில் குண்டுக்குப் பிறகு வருவது சோதனைச்சாவடி. யார் குண்டு வைத்தாரோ அவர் அங்கே இருக்கமாட்டார். அவர் பேசும் மொழியைப் பேசுகிறவர்களும் அவர் கும்பிடும் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வரிசையில் நிற்பார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி, "எங்கே போறீங்க, ஏன் போறீங்க, எங்க தங்கியிருக்கிறீங்க" என்ற கேள்விகளுக்கு அரைகுறைச் சிங்களத்தில் பதில் சொல்லி வளர்ந்த தலைமுறை ஒன்று இந்த நகரத்தில் இருக்கிறது. 2007 ஜூன் 7 விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிசார் எழுப்பி பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள், பலரை வவுனியாவுக்கு. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களும் தங்குகிற லொட்ஜுகள் அவை. 2019 மே மாதம் இதே கதை முஸ்லிம்களுக்கு நடந்தது. மினுவாங்கொடையிலும் குருநாகல் மாவட்டத்திலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

பொதுமக்கள் இழப்பு என்றால் இதெல்லாமும் சேர்ந்ததுதான். வில்லன் உங்கள் கதையில் வேற்றுக்கிரகவாசியாகவே இருக்கட்டும். அவன் விழுந்த மறுநாள், அவனைப் போலக் கொஞ்சம் பச்சைத் தோல் உள்ள, மருதானையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு நல்ல மனிதருக்கு என்ன நடக்கும்? கடைக்கு யார் வருவார்கள்? வீட்டுச் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாரா? நாயகன் யாருடைய பக்கத்தில் நிற்பான், தனக்குக் கைதட்டும் கூட்டம் கல்லோடு வந்தால்? எங்கள் கூட்டத்தில் ஒரு மாணவி இந்தக் கேள்வியிலிருந்து நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். வில்லன் முதல் பக்கத்திலேயே செத்துவிடுகிறான். அதற்குப் பிறகு யாரும் எவரையும் அடிக்கவில்லை, ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாசித்தோம்.

இடிபாடு எங்கே போகும் என்றும் யோசியுங்கள். ஐம்பது மாடி இடிந்தால் அந்தக் கொங்கிரீட்டை யாரோ எங்கோ கொட்டத்தான் வேண்டும். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லயில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரம் வீசியது அவர்கள் தலையில் விழுந்தது. சுப்பர்ஹீரோ சண்டையின் இடிபாடும் பணக்காரர் வசிக்கும் கறுவாத்தோட்டத்தில் கொட்டப்படாது.

பெயரில்லாதவர்கள்

கதைகளில் சாகிறவர்கள் பெரும்பாலும் கந்தோர் ஊழியர்கள், கழுத்துப்பட்டி கட்டியவர்கள். எழுதுகிறவரின் வீட்டார் அப்படி இருப்பதால் வரும் பழக்கம் அது. புறக்கோட்டையில் ஒரு கடை இடிந்தால் உள்ளே இருப்பவர் அட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வேலைக்கு வந்த, கடை மாடியிலேயே படுத்தெழும்பும் பதினெட்டு வயதுப் பையனாக இருக்கலாம். அவனைக் கடையில் எல்லோரும் "தம்பி" என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். முழுப்பெயர் முதலாளிக்குத் தெரியாது. அடையாள அட்டை தோட்டத்து லயத்தில், அம்மாவின் தகரப் பெட்டியில் இருக்கும். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியல் சிங்களத்தில் மட்டும் இருந்தால், இரவு பஸ் ஏறி வந்த அம்மா யாரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்?

உடல் கிடைக்காவிட்டால் இன்னும் சிக்கல். மரணச் சான்றிதழ் இல்லாமல் வங்கிக் கணக்கும் அசையாது, காணி உறுதியும் அசையாது. காணாமல் போனவரை இறந்தவராகப் பதிய 2010இல் ஒரு சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தி, "இறந்துவிட்டார்" என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத குடும்பங்கள், ஆள் இல்லை என்பதற்கு மட்டும் ஒரு சான்றிதழ் எடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். "மகன் செத்துவிட்டான்" என்று கையெழுத்துப் போடுவதா, "மகன் இல்லை" என்று போடுவதா? ஒரு அரசாங்கக் கச்சேரிக் கந்தோர் மேசைக்கு முன்னால், குமிழ்முனைப் பேனையோடு ஒரு தாய். இந்தக் காட்சி எந்த அமெரிக்கக் காமிக்ஸிலும் வராது, அவர்களுக்கு அது தெரியவே தெரியாது. நமக்குத் தெரியும்.

காதலியைக் கொன்று நாயகனைக் கோபப்படுத்துவது

இது பழைய வியாதி, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெண் சாகிறாள், நாயகனுக்கு ஆத்திரம் வருகிறது, கதை நகர்கிறது. அவள் என்ன படித்தாள், யாரோடு கோபமாக இருந்தாள், ஒன்றும் தெரியாது. 1999இல் கெயில் சிமோன் என்ற எழுத்தாளர் இப்படிக் காமிக்ஸில் கொல்லப்பட்டும் சிதைக்கப்பட்டும் போன பெண்களைப் பட்டியல் போட்டு, "குளிர்சாதனப் பெட்டிக்குள் பெண்கள்" என்று பெயர் வைத்தார். ஒரு கதையில் நாயகனின் காதலியைக் கொன்று உண்மையிலேயே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நம் கதைகளில் பெட்டி இல்லை, பட்டுச்சேலை இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சாவு கதையை எப்படித் திருப்ப வேண்டும் என்பதற்கு எந்திரன் படத்தில் ஒரு காட்சி இருக்கிறது. தீப்பிடித்த கட்டிடத்திலிருந்து ஆட்களை மீட்கும் இயந்திர மனிதன், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அப்படியே தூக்கி வந்து கூட்டத்துக்கும் கமராவுக்கும் முன்னால் நிறுத்துகிறான். உயிரைக் காப்பாற்றிவிட்டான், மானம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. அவள் ஓடிப்போய் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். அந்தச் சாவு யாருக்கும் பழிவாங்கும் காரணம் ஆகவில்லை. "இவனுக்கு உணர்ச்சி வேண்டாமா?" என்ற கேள்வியாகி, படத்தின் மீதியை முழுக்க மாற்றிவிடுகிறது.

இரத்தம் கூடினால் யதார்த்தம் கூடும் என்ற நினைப்பு

மேலே சொன்னதையெல்லாம் ஒரு தம்பி மிகக் கவனமாகக் கேட்டார். அடுத்த சனிக்கிழமை கொண்டு வந்த கதையில் பன்னிரண்டு பக்கம் குடலும் மூளையும். "யதார்த்தம் அண்ணா" என்றார். அது இறைச்சிக்கடை என்றேன். கொழும்பில் உண்மையில் இதையெல்லாம் பார்த்தவர்கள் அப்படி விவரிப்பதில்லை. மாமா ஒருபோதும் உடல்களைப் பற்றிப் பேசியதில்லை. தெருவில் இறைந்து கிடந்த பெண்களின் செருப்புகளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். சோடியில்லாத செருப்புகள்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதும் கதையில் ஒருவரும் சாகத் தேவையில்லை. பறக்கும் பூனை திருடனைப் பிடிக்கும் கதைக்குள் சேலைன் போத்தலும் சோதனைச்சாவடியும் வேண்டாம். ஆனால் அந்தக் கதையில் இருபது மாடிக் கட்டிடத்தையும் இடிக்காதீர்கள். யாரும் சாகாத உலகம் என்று வாசகரோடு பேசிக்கொண்ட பிறகு, மாடியை மட்டும் இடித்துப் புழுதி காட்டுவது ஏமாற்று.

யார் பொறுப்பு, யார் காசு கட்டுவது

நாயகன் வேண்டுமென்று செய்யவில்லை, ஆகவே குற்றம் இல்லை என்று கதைகள் முடிவு கட்டிவிடுகின்றன. 2023 ஜனவரியில் நமது உயர் நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றி முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் தன் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பு அதிகாரிகள் நால்வருக்கும் தனித்தனித் தொகை. குண்டு வைத்தவர்கள் அல்ல இவர்கள். தடுக்க வேண்டிய கடமையில் தவறியவர்கள். எதிர்காலத்தைப் பார்க்கும் சக்தி உள்ள நாயகனை எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும்.

காப்புறுதியை யாரும் எழுதுவதில்லை, எனக்கு அது தீராத ஆசை. இலங்கையில் சாதாரண வாகனக் காப்புறுதி எடுத்தால் கலவரத்தில் எரிந்த வண்டிக்குக் காசு வராது. வேலைநிறுத்தம், கலவரம், குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கு மேலதிகமாகக் கட்ட வேண்டும். பறக்கும் மனிதன் ஒரு த்ரீவீலைத் தூக்கி வில்லன் மேல் எறிந்தால் அது இந்த நான்கில் எது? லீசிங் கட்டி முடியாத த்ரீவீல் அது. சொந்தக்காரர் கோரிக்கைப் படிவத்தோடு வரிசையில் நிற்கிறார், "சேதத்துக்கான காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று யோசிக்கிறார். யாராவது இதை எழுதித் தந்தால் நான் என் செலவில் அச்சடிப்பேன்.

100ஆம் இலக்க பஸ்ஸைக் கொண்டு வந்த தம்பி மூன்று கிழமை வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். போன சனிக்கிழமை வந்தார். அதே காலை எட்டே கால், அதே சந்தையடி. நாயகன் பஸ்ஸைத் தூக்கிவிட்டான், எறியப் போகிறான், அப்போது யன்னலில் ஒரு முகம் தெரிகிறது. பிறகு ஐந்து பக்கத்துக்கு அவன் பஸ்ஸைத் தலைக்கு மேல் பிடித்தபடி அசையாமல் நிற்கிறான், ஆட்கள் ஒவ்வொருவராக ஏணி வைத்து இறங்குகிறார்கள். வில்லன் கடற்கரை ரயில் பாதை வழியாகத் தப்பித் தெஹிவளையைத் தாண்டிவிட்டான். பாடசாலைப் பிள்ளை ஒன்று தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டதாக மறுபடி ஏறுகிறது. ஒரு அம்மா சந்தைப் பையில் இருக்கும் மீன் நசுங்கும் என்று முதலில் பையைத்தான் இறக்குகிறார். கடைசி ஆளாக இறங்கிய ஐயா ஏணியில் பாதியில் நின்று, மேலே பார்த்து, கொண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்கிறார்.